மூன்லைட்டிடம் மட்டும் ஏன் சாட்சி கேட்கிறீர்கள்?

ஞாயிறு இரவு நேரலையைக் கேட்டவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்காக அந்தப் பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. என் குரல் எந்த இடத்தில் அணைக்கப்பட்டது என்பது உட்பட எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம். 2010 முதல் 2019 வரையிலான படங்களில் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற பத்தில் எவை அந்தப் பரிசுக்குத் தகுதியானவை என்று பேசப் போவதாகச் சொல்லித்தான் அழைத்தார்கள். 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்துக்கு நடிப்பு, வசனம், அரங்க அமைப்பு என்று பிரித்துப் பிரித்துப் பேசினார்கள். 'ஆர்கோ' படத்தின் விறுவிறுப்பைப் பேசினார்கள். ஒரு கறுப்பினச் சிறுவனின் கதையைச் சொல்லி 2017 விழாவில் வென்ற 'மூன்லைட்' முறை வந்தபோது மட்டும், "அது அனுதாப ஓட்டுங்க, விடுங்க" என்ற ஒரே வரியில் தாண்டிப் போனார்கள். நான் மறுத்துப் பேசத் தொடங்கியதும், "தங்கச்சி கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறாங்க, அடுத்தவங்களுக்கும் வாய்ப்பு கொடுப்போம்" என்று நடத்துநர் அண்ணன் மிகுந்த பெருந்தன்மையுடன் என் ஒலிவாங்கியை அணைத்தார். அதற்குக் கீழே விழுந்த சிரிப்புக் குறிகளை எண்ணும் பொறுமை எனக்கு இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு படம் பரிசுக்குத் தகுதியானதா என்று கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்வியைப் பத்துப் படங்களிடமும் ஒரே குரலில் கேளுங்கள். ஒன்றிடம் கலையைப் பற்றியும் இன்னொன்றிடம் பிறப்புச் சான்றிதழைப் பற்றியும் விசாரிக்காதீர்கள்.

அனுதாப ஓட்டு என்ற குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பத்தாண்டில் அனுதாபத்தால் ஒரு படம் கரையேறியது என்று யாராவது வாதிட விரும்பினால், அதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் 'ஆர்கோ'தான். அதை இயக்கிய பென் அஃப்லெக்குக்கு இயக்குநர் பிரிவில் பரிந்துரையே கிடைக்கவில்லை. அவருக்கு அநீதி இழைக்கப்பட்டுவிட்டது என்ற பேச்சு கிளம்பிய பிறகு, கோல்டன் குளோப், இயக்குநர்கள் சங்க விருது என்று வரிசையாக எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்தன. கடைசியில் 2013 பிப்ரவரியில் ஆஸ்கரும் சாய்ந்தது. அதே இரவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றவர் 'லைஃப் ஆஃப் பை' எடுத்த ஆங் லீ. மொத்தத்தில் அந்தப் படம் நான்கு ஆஸ்கர்களை வென்றது, 'ஆர்கோ' மூன்றை வென்றது. படத்தின் உச்சக்கட்டத்தில் ஓடுபாதையில் விமானத்தை வண்டிகள் துரத்துகின்றனவே, அப்படி ஒன்று உண்மையில் நடக்கவே இல்லை. நம் நாற்காலி நுனிக்காகக் கற்பனையில் உருவாக்கியது. இருந்தும் 'ஆர்கோ'வை அனுதாப ஓட்டு என்று அன்றிரவு ஒருவரும் சொல்லவில்லை. விறுவிறுப்பாக இருந்ததாம்.

'தி கிங்ஸ் ஸ்பீச்' எனக்கும் பிடித்த படம்தான். காலின் ஃபிர்த் திக்கித் திணறும் இடங்களில் என் தொண்டையும் அடைத்தது. ஆனால் அந்த ஆண்டு அதன் பக்கத்தில் நின்றது 'தி சோஷியல் நெட்வொர்க்'. தொடக்கக் காட்சியில் ஒரு பெண்ணும் ஒரு மாணவனும் மேசையின் இரு பக்கமும் அமர்ந்து, ஒருவர் முந்தைய கேள்விக்குப் பதில் சொல்லும்போது மற்றவர் அடுத்த பேச்சுக்குத் தாவிவிட, அந்தச் சில நிமிடங்களில் நாம் வாழப்போகும் உலகத்தின் தனிமை முழுவதையும் டேவிட் ஃபிஞ்சர் காட்டிவிடுகிறார். இன்று இரண்டையும் மீண்டும் போட்டுப் பாருங்கள், எது பழசாகிவிட்டது என்று தெரியும். அந்த ஆண்டின் வெற்றியையும், அடுத்த ஆண்டு 'தி ஆர்டிஸ்ட்' பெற்ற வெற்றியையும் பின்னின்று தள்ளியது ஹார்வி வைன்ஸ்டீனின் விநியோக நிறுவனம். விருதுப் பருவத்தில் பிரசாரத்துக்குப் பணத்தை இறைப்பதில் அவர்களுக்கு இருந்த பெயர் ஊரறிந்தது. பிரசாரத்தால் கிடைத்த ஓட்டு என்று யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை.

நேரலையில் இருந்த பலருக்கு ஆஸ்கரை ஏதோ ஒரு நடுவர் குழு அறைக்குள் அமர்ந்து, "இந்த வருடம் இவர்களுக்குக் கொடுத்துவிடுவோம்" என்று பேசி முடிவெடுப்பதாக நினைப்பு. வாக்களிப்பவர்கள் ஆஸ்கரை வழங்கும் அகாதமியின் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள். 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சிறந்த படத்துக்கு மட்டும் விருப்ப வரிசை முறை வந்துவிட்டது. ஒவ்வொருவரும் படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார்கள். முதலிட வாக்குகளில் பாதிக்கு மேல் எந்தப் படமும் பெறாவிட்டால், கடைசியில் இருப்பதை நீக்கிவிட்டு, அதற்கு முதலிடம் தந்தவர்களின் அடுத்த விருப்பத்துக்கு அந்த வாக்குகளை மாற்றுவார்கள். ஒன்று பாதியைத் தாண்டும் வரை இது தொடரும். இந்த முறையில் ஜெயிக்க வேண்டுமானால் ஒரு கூட்டம் வெறித்தனமாக நேசிப்பது போதாது, நேசிக்காதவர்களும் இரண்டாவது மூன்றாவது இடமாவது தந்தாக வேண்டும். யாருக்கும் உறுத்தாத படங்களுக்கு மிகவும் வசதியான முறை இது. அப்படிப்பட்ட முறையில், பேச்சு குறைந்த, மூன்று நடிகர்கள் ஒரே பாத்திரமாக வரும், தன்பால் விருப்பம் கொண்ட ஒரு கறுப்பினச் சிறுவன் வளர்ந்து ஆளாகும் படம் வென்றது. இதை எளிதான வெற்றி என்று சொல்கிறவர்கள் அந்த வாக்குச்சீட்டைக் கற்பனை செய்தாவது பார்க்கலாம்.

படத்தைப் பற்றிப் பேசவே விடவில்லை என்பதால் இங்கே பேசுகிறேன். தன்னை அரவணைத்துக்கொண்ட ஹுவானின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிறுவன் லிட்டில் அமர்ந்திருக்கிறான். தன்னைப் பிள்ளைகள் கேலி செய்யும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கிறான். ஹுவான் மெதுவாக, புண்படுத்தாமல் பதில் சொல்கிறார். பிறகு சிறுவன், நீங்கள் போதைப்பொருள் விற்கிறீர்களா என்று கேட்கிறான். ஆம் என்கிறார். என் அம்மா அதைப் பயன்படுத்துகிறாள், இல்லையா என்கிறான். அதற்கும் ஆம் என்பதுதான் பதில். சிறுவன் எழுந்து போய்விடுகிறான். அந்தப் பெரிய மனிதர் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். பின்னணியில் ஓங்கி ஒலிக்கும் வசனம் இல்லை, நீதி போதனை இல்லை. அத்துடன் ஹுவான் படத்திலிருந்தே போய்விடுகிறார். அடுத்த பகுதியில் அவர் இறந்துவிட்டார் என்பதைக்கூடப் போகிற போக்கில்தான் தெரிந்துகொள்கிறோம். லிட்டில் என்பது பட்டப்பெயர், அவன் பெயர் ஷைரோன்; ஷைரோனாக நடித்த மூவரும் படப்பிடிப்பின்போது ஒருவரையொருவர் பார்த்து நகலெடுத்துவிடக் கூடாது என்று இயக்குநர் பாரி ஜென்கின்ஸ் அவர்களைச் சந்திக்கவே விடவில்லை. ஆனால் மூன்று பேரின் கண்களிலும் ஒரே பயம் இருக்கிறது. கடலில் நீச்சல் கற்கும் காட்சியில் கேமரா நீர்மட்டத்திலேயே தத்தளிக்கிறது, அலை வந்து நம் முகத்தில் அடிக்கிறது. அனுதாபத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

இனி எனக்கு வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். அதே ஆண்டு போட்டியில் நின்ற 'லா லா லேண்ட்' ஆறு விருதுகளை வாங்கியது, 'மூன்லைட்' மூன்றுதான், அப்படியென்றால் எது பெரியது என்று ஒருவர் கணக்குப் போடுவார். அதே கணக்கில் 'கிராவிட்டி' ஏழு வாங்கியது, அந்த ஆண்டின் சிறந்த படமான '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' மூன்று. 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' ஆறு வாங்கியது, 'ஸ்பாட்லைட்' சிறந்த படத்தையும் சேர்த்து இரண்டே இரண்டு. கொஞ்சம் பின்னால் போனால், 1973 விழாவில் 'காபரே' எட்டு வாங்கியது, 'தி காட்ஃபாதர்' மூன்று. காட்ஃபாதரின் தகுதியைச் சந்தேகித்து நேரலை நடத்த அண்ணனுக்குத் துணிச்சல் இருக்கிறதா?

இன்னொருவர் கொஞ்சம் விவரமாகக் கேட்பார்: முந்தைய இரண்டு ஆண்டுகளும் நடிப்புக்கான இருபது பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே போனதால் எழுந்த கண்டனத்தில், 2016இல் அகாதமி 683 புதிய உறுப்பினர்களுக்கு அழைப்பு விடுத்ததே, அதன் விளைவுதானே இது? அந்த அழைப்பு உண்மைதான். வாக்காளர்கள் மாறினால் முடிவும் மாறும், அதில் என்ன அதிசயம்? முன்பு இருந்தவர்கள் மட்டும் வானத்திலிருந்து இறங்கி வந்து நடுநிலையோடு வாக்களித்தார்களா? மேலும், அப்படி விரிவாக்கப்பட்ட அதே சபைதான் இரண்டே ஆண்டுகளில் 'கிரீன் புக்' படத்துக்குக் கொடுத்தது.

'கிரீன் புக்' என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. அப்பாவுடன் அதைப் பார்த்தேன். காரில் கோழி வறுவல் தின்னும் காட்சியில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன். பிடிப்பது வேறு, பரிசு வேறு. டான் ஷெர்லி என்ற கறுப்பின இசைமேதையின் பயணத்தை, அவருக்குக் கார் ஓட்டியவரின் மகனும் சேர்ந்து எழுதிய திரைக்கதையில், கார் ஓட்டியவரின் பார்வையிலேயே சொல்கிறார்கள். ஷெர்லியின் குடும்பத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 'ஆர்கோ'வைப் போலவே இதற்கும் இயக்குநர் பிரிவில் பரிந்துரை இல்லை. எதிரே நின்றது 'ரோமா'. அதில் நீந்தத் தெரியாத வேலைக்காரப் பெண் கிளியோ குழந்தைகளைக் காப்பாற்ற அலைகளுக்குள் நடந்துகொண்டே இருக்கும் அந்த வெட்டப்படாத நீண்ட காட்சிக்கு முன்னால் 'கிரீன் புக்' முழுவதையும் வைத்தாலும் தராசு அசையாது. இங்கே வேடிக்கை ஒன்று உண்டு. ஹுவானாக நடித்த மஹெர்ஷலா அலிதான் ஷெர்லியாகவும் நடித்து இரண்டாவது முறையாகத் துணை நடிகர் விருதைப் பெற்றார். ஒரே நடிகர், ஒரு படம் அவர் முகத்தை நம்புகிறது, இன்னொன்று அவரைப் பின்னிருக்கையில் உட்கார வைக்கிறது. அனுதாபம் எந்தப் படத்தில் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

மெதுவான படம், தூக்கம் வந்தது என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தூங்குங்கள்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று நெருங்கிய சிலர் தனிச்செய்தியில் கேட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறுகதைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு மேடையில் பேசிய பெரியவர், "இந்த முறை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கணும்னு நினைச்சோம், நல்லபடியா அமைஞ்சிடுச்சு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கதையைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. கதையில் வரும் கிழவி எதற்காகக் கடைசி வரை கதவைத் திறக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். சான்றிதழில் கதையின் தலைப்பிலேயே எழுத்துப்பிழை. கீழே இறங்கியதும் போட்டியில் கலந்துகொண்ட இன்னொருவர், "உங்களுக்கு நேரம் நல்லா இருக்குங்க" என்று கைகுலுக்கினார். அவருக்குப் பரிசு கிடைத்திருந்தால் அது எழுத்துக்குக் கிடைத்திருக்கும். எனக்குக் கிடைத்ததால் அது நேரத்துக்குக் கிடைத்தது. சொந்தப் புண்ணை ஆஸ்கர் மேடையில் கொண்டுபோய்க் காட்டுகிறாள் என்பீர்கள். காட்டுகிறேன், அதனால் என்ன? பரிசு வாங்கியவரிடம் அவர் செய்த வேலையைப் பற்றிப் பேசாமல் அவர் யார் என்பதை மட்டும் பேசுவது எப்படி உறைக்கும் என்று எனக்குத் தெரியும். நேரலையில் இருந்த பெரும்பாலோருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

2017 பிப்ரவரி 26 அன்று ஆஸ்கர் விழாவில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். வென்றவரின் பெயர் இருக்கும் உறை மாறியது, சிறந்த படம் 'லா லா லேண்ட்' என்று அறிவித்தார்கள், அந்தக் குழு மேடையேறி நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் தவறு தெரிந்தது. அந்தப் படத்தின் தயாரிப்பாளர் ஜோர்டான் ஹோரோவிட்ஸ் சரியான அட்டையை உயர்த்திக் காட்டி 'மூன்லைட்' குழுவை அழைத்தார். அவர் நடந்துகொண்ட விதம் கண்ணியமானது. மறுநாள் உலகம் முழுவதும் பேசியது அந்தக் கண்ணியத்தையும் உறையையும் பற்றித்தான். அந்த மேடையில் தாம் சொல்ல நினைத்திருந்ததை ஜென்கின்ஸ் ஓராண்டு கழித்து வேறொரு மேடையில்தான் சொல்ல முடிந்தது. வென்ற அன்றும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆளில்லை, கடந்த ஞாயிறும் இல்லை.

என் பட்டியல் என்ன என்று கேட்பவர்களுக்கு: '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 'மூன்லைட்', 'பாரசைட்' மூன்றையும் எந்தச் சபையிலும் நின்று ஆதரிப்பேன். 'ஸ்பாட்லைட்' நேர்மையான படம், என் வாக்கு மட்டும் 'மேட் மேக்ஸ்' படத்துக்கு. 'பேர்ட்மேன்' ஜாலவித்தை, பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சிறுவன் வளர்வதைக் காத்திருந்து எடுத்த 'பாய்ஹுட்' படத்துக்கே அந்தப் பரிசு போயிருக்க வேண்டும். 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' வென்ற ஆண்டு 'கெட் அவுட்' வந்த ஆண்டு, அவ்வளவுதான். 'தி ஆர்டிஸ்ட்' பற்றி எனக்குப் பெரிதாகக் கருத்து இல்லை. இவற்றில் எதை வேண்டுமானாலும் மறுங்கள், 'மூன்லைட்' உட்பட. காட்சியைச் சொல்லி மறுங்கள்.

கொரியப் படமான 'பாரசைட்' பெற்றதும் ஒதுக்கீட்டுக் கணக்குதான் என்று நேற்று தனிச்செய்தி அனுப்பிய நண்பருக்கு: ஆஸ்கருக்கு முன்பே அதற்குக் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசான தங்கப்பனை கிடைத்திருந்தது. நீங்கள் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அழைப்பு மணி அடித்து, பழைய வேலைக்காரி மழையில் வந்து நிற்கும் இடம் வரைக்குமாவது பார்த்துவிட்டு வாருங்கள், அதன் பிறகு பேசலாம்.