குடை வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது?

குளித்துவிட்டு வர இருபது நிமிடம் ஆகியிருக்குமா? அதற்குள் பெட்டியைக் கலைத்துவிட்டார்கள். மூன்று நாளாக ஒவ்வொரு துணியாகச் சுருட்டி அடுக்கிய பெட்டி. என் மழை பேன்ட் கட்டிலில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் வளைந்த பிடி வைத்த நீளக் குடை ஒன்று மூலைக்கு மூலை குறுக்கே படுத்திருக்கிறது. பக்கத்தில் என் நாத்தனார். “மழை ஊருக்குப் போறே, குடையை மறந்துட்டியே! நல்லவேளை, நான் பார்த்தேன்.”

நான் மறக்கவில்லை. வேண்டாம் என்றுதான் வைக்கவில்லை. இந்த வாரத்தில் மட்டும் இது நான்காவது குடை. முதலில் என் வீட்டுக்காரர் பீரோவிலிருந்து ஒரு மடக்குக் குடையை எடுத்து வந்தார். அப்புறம் எதிர் வீட்டு அம்மா ஒன்று கொடுத்தார். என் தம்பி இரண்டு பேர் நிற்கும் அளவுக்குப் பெரிதாக ஒன்று வாங்கியே வந்துவிட்டான். எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: ஸ்காட்லாந்தில், மகள் இருக்கும் கிளாஸ்கோவில் குடை நிற்காது. எல்லோரும் ஒரே சிரிப்பைத்தான் சிரித்தார்கள். “சென்னை மழையைப் பார்த்தவளுக்கு அந்த ஊர் மழை எம்மாத்திரம்?”

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அளவில் சென்னைக்குத்தான் அதிகம், யார் இல்லை என்றார்கள்? இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், கிளாஸ்கோவில் அதைவிடக் குறைவுதான். ஆனால் நம் மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அங்கே ஆண்டில் கிட்டத்தட்ட 170 நாளுக்குப் பங்கு போட்டுப் பெய்கிறது. அதுவும் மேலிருந்து விழுவதில்லை. அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் காற்று அதைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு வரும். பக்கத்திலிருந்து வரும் மழைக்குத் தலைக்கு மேல் குடை பிடித்து என்ன செய்ய? 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று யாராவது குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போனீர்களா? அதே ஸ்காட்லாந்தில் ஃப்ரேசர்பரா என்ற கடலோர ஊரில் 1989 பிப்ரவரியில் மணிக்கு 229 கி.மீ. வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவு இருக்கிறது. அது தினம் நடப்பதில்லை, எனக்கும் தெரியும். தினம் வீசும் காற்றே குடையை உடைக்கப் போதும்.

பட்டவள் சொல்கிறேன். போன தடவை மகள் பிரசவத்துக்குப் போனது நவம்பரில். எல்லோரும் சொன்னார்களே என்று குடையோடுதான் போனேன். பிள்ளைக்கு மருந்து வாங்க பயர்ஸ் ரோடு வரைக்கும் நடை. வாசலில் வெறும் தூறல். முதல் திருப்பத்தில் காற்று கீழேயிருந்து ஏறியது. குடை ‘டப்’பென்று மேல்பக்கம் மடங்கியது. திருப்பினேன், மறுபடி மடங்கியது. மறுபடி திருப்பினேன். மூன்றாவது தடவை ஒரு கம்பி பிய்ந்து, துணியைக் கிழித்துக்கொண்டு என் காதோரம் வந்து நின்றது. அரை அங்குலம் தள்ளியிருந்தால் கண்! இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன், குடை என்னை இழுத்துக்கொண்டு போகிறது. மருந்துக் கடைக்குப் போவதற்குள் பருத்திச் சுடிதார் முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் ஷூவுக்குள் சளக் சளக்கென்று தண்ணீர். கடை வாசலில் ஒரு குப்பைத் தொட்டி. அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? குடைகள். இரண்டு கறுப்பு, ஒன்று பூப்போட்டது, கம்பியெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு. என்னுடையதையும் அதில் சொருகிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால், பச்சை உடம்புக்காரி எழுந்து வந்து எனக்குத் துண்டு எடுத்துத் தருகிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளப் போனவள் நான்! அந்தச் சுடிதார் ஹீட்டர் மேல் போட்டும் முழுசாகக் காய இரண்டு நாள் ஆயிற்று.

அதனால்தான் இந்தத் தடவை யோசித்து யோசித்து அடுக்கினேன். தலையை மூடும் தொப்பி வைத்த மழை ஜாக்கெட், மழை பேன்ட், கணுக்கால் வரை மூடும் ஷூ, சீக்கிரம் காயும் மெல்லிசுத் துணிகள். அந்த ஜாக்கெட்டுக்கு நான் பட்ட பாடு தனி. முதலில் தி.நகரில் ஒன்று வாங்கினேன். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து உள்பக்கச் சீட்டைப் பார்த்தால் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’. இரண்டும் ஒன்றா? முதலாவது தண்ணீரை உள்ளே விடாது, இரண்டாவது கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். குளியலறையில் தொங்கவிட்டு ஷவரைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் தோள்பட்டைத் தையல் வழியாக உள்ளே சொட்டுச் சொட்டாக இறங்கியது. தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், “நனைஞ்சதை எப்படிம்மா எடுத்துக்கிறது?” என்கிறார். மழைக்கோட்டு நனைந்துவிட்டதாம்!

மழைக்கோட்டுத் துணிக்கு 1823-லேயே காப்புரிமை வாங்கிய சார்ல்ஸ் மேக்கின்டாஷ் அதே கிளாஸ்கோக்காரர்தான். ரப்பரைக் கரைத்து இரண்டு துணிக்கு நடுவே பூசி ஒட்டினார். குடையே போதும் என்றால் அந்த மனுஷன் எதற்கு இந்தப் பாடு பட வேண்டும்? இதை நாத்தனாரிடம் சொன்னேன். “அது அவங்களுக்கு. நாம குடை பிடிச்சுப் பழகினவங்க” என்கிறார். காற்று ஆள் பார்த்தா அடிக்கும்?

டிக்கெட்டில் 23 கிலோ. நான் இருபத்திரண்டரையில் நிறுத்தியிருந்தேன். இப்போது குடையோடு ஒரு கம்பளிச் சால்வை, இரண்டு கிலோ முறுக்கு, ஒரு டப்பா நெய். நெய்! இங்கிருந்து பால் பொருள் எதையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனையும் உள்ளே போனதில் என் ஷூ வெளியே வந்துவிட்டது. “ஷூவை அங்கே போய் வாங்கிக்கலாமே.” ஏன், குடை மட்டும் அங்கே கிடைக்காதா? ஷூ வாங்கப் போவதற்கும் அந்தத் தெருவில் இறங்கித்தானே நடக்க வேண்டும்?

எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன். மணி பதினொன்றே முக்கால். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். இவர் எப்போதோ தூங்கியாயிற்று. இனி எடை பார்க்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றால், முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாமல் பெட்டியே மறைக்கிறது. எனக்கு இந்தத் தலையெழுத்து எதற்கு? கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும் கைத்தராசு எங்கள் வீட்டில் இருந்தது. பையன் துபாய் போகிறான், அஞ்சே நிமிஷம் என்று மாடி வீட்டுக்காரர் ஏப்ரல் மாதம் வாங்கிப் போனார். பையன் துபாய் போனான், லீவில் வந்தான், திரும்பவும் போய்விட்டான். தராசு வரவில்லை. நேற்று வெட்கத்தை விட்டு மாடியேறிப் போய்க் கேட்டேன்.

“அது உங்களுதா?” என்கிறார்.