கணினியில் இருக்கும் கதவு போனில் ஏன் இல்லை?

நானும் நண்பரும் சேர்ந்து ஒரு சின்னப் புதிர் விளையாட்டு செய்தோம். சேமித்து வைத்த ஆட்டம் திடீரென்று அழிந்துபோகும் பிழை ஒன்று அதில் இருப்பது, வெளியிட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று இரவே சரிசெய்துவிட்டோம். கணினிக்கான அப்டேட்டை எங்கள் தளத்தில் உடனே ஏற்றினோம், விடிவதற்குள் கணினியில் ஆடுகிறவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது. போனுக்கான அப்டேட்டை ஆப் கடை நிராகரித்தது. ஒரு விதியின் எண் மட்டும் வந்தது. எந்தத் திரையில் என்ன தவறு என்று ஒரு வரி இல்லை. மாற்றி மாற்றி அனுப்பினோம். 11ஆம் நாள், முதலில் அனுப்பிய அதே கோப்பை மறுபடி அனுப்பியபோது ஏற்றுக்கொண்டார்கள். "சரிசெய்துவிட்டோம், ஆனால் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை" என்று போனில் ஆடிய அத்தனை பேருக்கும் பதில் எழுதிய வேதனை எனக்கு இன்னும் போகவில்லை.

"எல்லாம் ஒரே கடையில் இருந்தால் வசதிதானே, பாதுகாப்புதானே" என்று யார் சொன்னாலும் அந்த 11 நாள்தான் நினைவுக்கு வருகிறது.

ஆப் கடைகள் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. 2008 ஜூலையில் ஆப்பிள் சுமார் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோரைத் திறந்தபோது, தனி ஆள் எழுதிய செயலிகூட உலகம் முழுக்கப் போய்ச் சேர வழி பிறந்தது. மிச்சம் 70 சதவீதம் கைக்கு வருகிறதே என்ற சந்தோஷத்தில், கமிஷனாகப் போன 30 அப்போது எனக்கு உறுத்தவில்லை. 2020 ஆகஸ்டில் எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் சொந்தக் கட்டண வழியைச் சேர்த்தது. ஆப்பிளும் கூகுளும் அன்றே அந்த விளையாட்டை நீக்கின, எபிக் வழக்குப் போட்டது. வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறியவர்களுக்கு 15 சதவீதம் போதும் என்று ஆப்பிள் அறிவித்தது அதே ஆண்டு நவம்பரில்தான்.

"கணினியில் மட்டும் என்ன வாழ்கிறது, அங்கே ஸ்டீம்தானே ராஜா" என்று கேட்பார்கள். உண்மைதான். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2003இல் வந்தது, அதுவும் 30 சதவீதம்தான் எடுக்கிறது. ஆனால் அங்கே நடந்ததைப் பாருங்கள். 2013இல் ஈ.ஏ. என்ற விளையாட்டு நிறுவனம் தன் ஆரிஜின் கடையில் பணம் திருப்பித் தரும் உறுதியைக் கொடுத்தது. ஸ்டீம் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையத்தின் வழக்கையும் சந்தித்தது. 2015 ஜூனில், சில வரம்புகளுக்குள் காரணம் எதுவானாலும் ரீஃபண்ட் என்ற வசதி ஸ்டீமுக்கும் வந்தது. 2018 நவம்பர் கடைசியில் 1 கோடி டாலரைத் தாண்டும் விற்பனைக்கு 25 சதவீதம், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதம் என்று ஸ்டீம் கமிஷனைக் குறைத்தது. சில நாட்களிலேயே எபிக் தன் கடையை 12 சதவீதத்துக்கு அறிவித்தது. (பெரியவர்களுக்கு மட்டும் குறைத்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. எங்களைப் போன்றவர்கள் அந்தத் தொகையைக் கனவில்கூடப் பார்ப்பதில்லை.) எப்படியும், ஸ்டீம் பிடிக்கவில்லை என்றால் ஜி.ஓ.ஜி.யில் விற்கலாம், இட்ச்.ஐ.ஓ.வில் விற்கலாம், சொந்தத் தளத்தில் விற்கலாம். வாங்குகிறவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் நிறுவிக்கொள்ளலாம். இத்தனைக்குப் பிறகும் நானே ஸ்டீமில்தான் அதிகம் வாங்குகிறேன். அது நானாகத் தேர்ந்தெடுத்தது.

பாதுகாப்பு என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மேக் கணினிகளில் தீங்கு மென்பொருள் ஏற்க முடியாத அளவில் இருக்கிறது என்று ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே 2021இல் எபிக் வழக்கில் நீதிமன்றத்தில் சொன்னார். சரி. ஆனாலும் மேக்கில் வெளியிலிருந்து மென்பொருள் நிறுவும் வழியை ஆப்பிள் மூடவில்லை. சரிபார்க்கிறது, எச்சரிக்கிறது, முடிவை நம்மிடம் விடுகிறது. கணினியில் இவ்வளவு தூரம் என்னை நம்புகிறவர்கள் ஐபோனில் ஏன் நம்பவில்லை?

கதவைத் திறக்கச் சொன்னால் வாசலில் சுங்கச்சாவடி வைப்பதும் நடக்கிறது. எபிக் போட்ட அந்த வழக்கில், செயலிக்கு வெளியே பணம் கட்டும் இணைப்பை அனுமதிக்கச் சொன்னது அமெரிக்க நீதிமன்றம். ஆப்பிள் 2024இல் அந்த விற்பனைக்கும் 27 சதவீதம் கேட்டது. உத்தரவை வேண்டுமென்றே மீறிய செயல் இது என்று 2025 ஏப்ரலில் நீதிபதி இவோன் கொன்சாலஸ் ரோஜர்ஸ் தீர்ப்பளித்தார்.

அதற்காக எபிக்கை நான் தியாகியாகப் பார்க்கவில்லை. 2019இல் மெட்ரோ எக்ஸோடஸ் என்ற விளையாட்டு ஸ்டீமில் முன்பதிவு ஆகிக்கொண்டிருந்தபோதே, அதன் கணினி விற்பனை ஒரு வருடத்துக்கு எபிக் கடைக்கு மட்டும் என்று மாறியது. அதில் வாங்குகிறவருக்கு என்ன லாபம்? இருந்த ஒரு வழியும் போனது, அவ்வளவுதான். ஆட்களைக் கட்டி இழுப்பதைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைகள் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பின்னால் பணம் போகும் குழாய் சிலவேதான். 2025 ஜூலையில் பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் ஸ்டீம் சில வயதுவந்தோர் விளையாட்டுகளை நீக்கியது. இட்ச்.ஐ.ஓ. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கானவற்றைத் தேடலிலிருந்தே மறைத்தது. அவை எனக்குப் பிடித்த வகை அல்ல. ஆனால் விற்கலாமா கூடாதா என்பதைக் கடைக்காரரும் வாங்குகிறவரும் சட்டமும் தீர்மானிக்கட்டும். கார்டு தேய்க்கும் நிறுவனத்துக்கு அங்கே என்ன வேலை?

எங்கள் அடுத்த விளையாட்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. முதலில் கணினியில்தான் வெளியிடுகிறோம். போனில் எப்போது வரும் என்று கேட்கிறவர்களுக்கு, அந்த வேலையை நாங்கள் இன்னும் தொடங்கவில்லை என்பதை மட்டும் இப்போது சொல்லிக்கொள்கிறேன்.