காவோசியுங் கைவிட்ட விழா

வேர்ல்ட் பிரைட் போன்ற பன்னாட்டுப் பால்புதுமையர் (தன்பால் ஈர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) விழாக்களை நகரங்கள் ஏன் போட்டி போட்டுக் கேட்டு வாங்குகின்றன என்று கேட்டால், சுற்றுலா வருமானத்துக்காக என்றே பலரும் சொல்கிறார்கள். வருமானம் உண்டுதான். ஆனால் அது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், தைவானின் துறைமுக நகரமான காவோசியுங்கின் அமைப்பாளர்கள், கைக்கு வந்த விழாவை 2022 ஆகஸ்டில் தாங்களே கைவிட்டிருக்க மாட்டார்கள்.

2025ஆம் ஆண்டு வேர்ல்ட் பிரைட் விழாவை நடத்தும் உரிமையை, அதற்கான நகரைத் தேர்ந்தெடுக்கும் இன்டர்பிரைட் அமைப்பு 2021 இறுதியில் அந்நகருக்கு அளித்தது. ‘வேர்ல்ட் பிரைட் தைவான்’ என்ற பெயரிலேயே ஏற்பாடுகள் தொடங்கியிருந்த நிலையில், அதிலிருந்து ‘தைவான்’ என்பதை எடுத்துவிட்டு நகரின் பெயரை வைக்கும்படி இன்டர்பிரைட் தங்களிடம் கேட்டதாகக் கூறி அமைப்பாளர்கள் விலகினார்கள். நகரின் பெயரை வைப்பதே மரபு என்றும், ‘காவோசியுங், தைவான்’ என்ற சமரசப் பெயரைத் தாங்கள் முன்வைத்ததாகவும் இன்டர்பிரைட் விளக்கமளித்தது. தைவானின் வெளியுறவு அமைச்சகம் தன் வருத்தத்தைப் பகிரங்கமாகத் தெரிவித்தது. ஒரு விழாவின் பெயர் வெளியுறவு அமைச்சகம் வரை போகிறது என்றால், அங்கே அது வெறும் ஊர்வலமாகப் பார்க்கப்படவில்லை என்றுதான் பொருள்.

தன் பகுதி என்று சீனா உரிமை கோருவதால், 1971இல் ஐ.நா. அவையில் இடத்தை இழந்து, ஒலிம்பிக்கில்கூட ‘சீன தைபே’ என்ற பெயரில் விளையாட வேண்டியிருக்கும் நாடு தைவான். தூதரகங்கள் திறக்காத கதவுகளை இத்தகைய விழாக்கள் திறக்கும் என்று அது நம்பியதில் தவறு காண என்னால் முடியவில்லை. இத்தகைய விழாக்கள் உரிமை மறுப்பை மறைக்கும் வெளிப்பூச்சு என்று சொல்லப்படும் குற்றச்சாட்டும் இங்கே எளிதில் ஒட்டாது. ஏனெனில் 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்து, 2018 பொது வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் எதிராக வாக்களித்த பின்பும், 2019இல் ஆசியாவிலேயே முதன்முதலாகத் தன்பால் திருமணம் அங்கே சட்டமானது. விழாவுக்கு முன்பே உரிமை வந்துவிட்டது.

அந்த 2025 விழா பின்னர் வாஷிங்டனுக்குப் போனது. அதே ஆண்டு ஜனவரி 20 அன்று, ஆண், பெண் என்ற இரு பாலினங்களை மட்டுமே அரசு ஏற்கும் என்ற ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். தங்கள் ஊழியர்களில் உள்ள திருநர்களின் பாதுகாப்பைக் கருதி, கனடாவில் பால்புதுமையர் உரிமைக்காகப் பாடுபடும் ஈகேல் அமைப்பு அவ்விழாவுக்குச் செல்வதில்லை என்று முடிவெடுத்தது. நகரம் அன்போடு அழைத்தாலும், விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்ப்பது நடுவண் அரசின் அதிகாரிதான். ஆகவே நகரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெயர்ப் பலகையைக் குறித்துக் காட்டும் கறாரை, வரும் விருந்தினருக்கு அந்நாட்டின் சட்டம் தரும் பாதுகாப்பைக் குறித்தும் காட்ட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பே இடத்தை முடிவு செய்வதால், இடையில் ஆட்சி மாறினால் விழாவை வேறு நாட்டுக்கு மாற்றும் விதியையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.