சாக்குருவி பார்க்கப் போன இரண்டாம் வகுப்பு

போன வாரம் மகளின் வகுப்பைக் காரைக்குடி அருகே கண்டனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். மாடு, நெல், கடலை எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்தது பழைய பம்புசெட் கொட்டகை வாசலில்தான். உள்ளே பரணில் ஒரு ஜோடி கூகை குடியிருக்கிறது; சாக்குருவி என்கிறார்களே, அந்த வெள்ளை முக ஆந்தைதான்.

தோட்டக்கார அண்ணன் ஆளுக்கொரு கறுப்பு உருண்டையைக் கொடுத்தார். கூகை எலியை முழுசாக விழுங்கிவிடும். செரிக்காத முடியும் எலும்பும் திரண்டு வாய் வழியாகவே வெளியே வந்துவிடும். அதுதான் இது. வெந்நீரில் ஊறப்போட்டு, பல்குத்தும் குச்சியால் பிரித்தார்கள். "மூணு மண்டை!" என்று ஒருவன் கத்தினான். அடுத்த பெண் தாடையைப் பல்லோடு எடுத்து வைத்தாள். என் மகளுக்குப் பிடித்தது கழுத்துக் கணக்கு: நமக்குக் கழுத்தெலும்பு 7, ஆந்தைக்கு 14. கண்ணை உருட்ட முடியாததால் தலையையே 270 டிகிரி வரை திருப்புகிறது.

சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பஞ்சாயத்து. "சாக்குருவியைக் காட்டவா பணம் கட்டினோம்?" ஒருவர் பிள்ளைக்குச் சுற்றிப் போட்டாராம்.

நான் கேலி செய்யவில்லை. எங்கள் அப்பத்தாவும் ஆந்தை அலறினால் "தூ, தூ" என்று துப்பிவிட்டுத்தான் படுப்பார். நடுராத்திரியில் வெள்ளை முகத்தோடு கிறீச்சிடுகிற ஒன்றைக் கண்டால் யாருக்கும் பயம் வரும். அதோடு அது அடைவது ஆளில்லாத வீட்டில். அதற்கு நம் ஊரில் பஞ்சமா? பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டு (உள்பக்க முற்றப் பகுதி) இடிந்து கிடக்கிறது என்றால், வீட்டுக்காரர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனது ஆந்தை குற்றமா? தேக்குத் தூணைப் பெயர்த்து விற்கும்போது யாரும் சகுனம் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரு அம்மா, வெளிநாட்டு வீடியோவில் வருவதுபோல் ஆந்தையைக் கையில் உட்கார வைத்துக் காட்டியிருக்கலாமே என்றார். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி ஆந்தையைப் பிடித்து வளர்ப்பதே குற்றம். பரணில் இருப்பதைக் கீழே நின்று பார்ப்பதுதான் சரி.

அந்த அண்ணன் வயலில் எலிமருந்து வைப்பதில்லை. மருந்து தின்ற எலியைக் கூகை தின்றால் கூகையும் சாகும். அதற்குப் பதிலாக, அது வந்து உட்கார வரப்போரம் குச்சிகள் நட்டிருக்கிறார். இதைவிட நல்ல அறிவியல் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பிள்ளைகளைக் குளிக்க வைக்க வேண்டுமா என்று குழுவில் கேட்டார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், அதுவும் எலிக்காக என்றேன். அடுத்த வருஷம் ஆந்தை வேண்டாம், மயில் போதும் என்று பேச்சு நடக்கிறது. ஆந்தை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.