எதைத் தாங்க வேண்டும், செஃப்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேட்டரிங் கல்லூரி மேடையில் பேசப்பட்டதை நண்பர்கள் பலரும் பார்த்துவிட்டீர்கள். ஹோட்டல் கிச்சன் பயிற்சியைப் பாதியில் விட்டு வந்த மாணவனைக் குறிப்பிட்டு, "இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தியே இல்லை" என்றார் ஒரு மூத்த செஃப், அரங்கமும் கைதட்டியது. இரண்டு நாளாக எனக்கு மனது ஆறவில்லை.

எதைத் தாங்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள். அடுப்பின் சூட்டையும், மதியம் 3 மணிக்கு முடிந்து மாலை 7 மணிக்கு மறுபடி தொடங்கும் பிரேக் ஷிஃப்டையும், கல்யாண விருந்து நாளில் 14 மணி நேரம் நிற்பதையும் அந்தப் பிள்ளைகள் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெற்ற தாயை இழுத்துத் திட்டுவதையும் தாங்க வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறது?

2009-இல் நான் பயிற்சியில் இருந்தபோது ஒருநாள் கிரேவியில் உப்பு கூடிவிட்டது. எங்கள் செஃப் கொதிக்கும் கிரேவியைக் கரண்டியோடு என் வாயில் வைத்து விழுங்கச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்கினார்கள். நாக்கு கொப்பளித்து, மூன்று நாள் ஸ்டாஃப் கேண்டீனில் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, என் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான். அதற்கு இன்று மன உறுதி என்று பெயர் வைக்கிறார்கள். அன்று எனக்கு இருந்தது பயம்.

கிச்சன் ராணுவம் மாதிரி, சத்தமில்லாமல் நடக்காது என்பீர்கள். "சூடு, பின்னால் வருகிறேன்" என்று கத்துவது ஒருவரைக் காப்பாற்றும் சத்தம், அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் கிச்சனைப் படையணி போல வகுத்த பிரெஞ்சு செஃப் எஸ்காஃபியே, தம் சமையலறையில் வசைச்சொல்லையும் மதுவையும் விலக்கி வைத்தவர். அவரைப் பாடமாக நடத்துகிற நாம் இதை மட்டும் விட்டுவிட்டோம்.

புகார் கொடுத்திருக்கலாமே என்கிறவர்கள், எங்கே என்றும் சொல்ல வேண்டும். பணியிடத்தில் பெண்களைக் காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் தொல்லைக்கு மட்டும் உரியது. வேலையிடத்து வன்முறைக்கும் தொல்லைக்கும் எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ILO) 190-ஆவது உடன்படிக்கை 2019-இல் நிறைவேறியது; இந்தியா அதை முறைப்படி உறுதிசெய்து ஏற்கவில்லை. மிஞ்சுவது ஹோட்டலின் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) அறை. பயிற்சி மாணவன் போனால் அடுத்த மாதம் இன்னொருவன் வருவான், செஃப் போனால் கிச்சன் நின்றுவிடும் என்பதுதான் அங்கே கணக்கு.

"நாங்களும் பட்டுத்தானே வந்தோம்" என்ற பேச்சுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் நானும் அதைச் சொன்னவன். 2016-இல் ஒரு பையனிடம் அதே குரலில் கத்தினேன். அவன் கையிலிருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அன்றிரவே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை செஃப்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

செஃப், என் வாயில் கரண்டியை வைத்தவர் நீங்கள் அல்ல. ஆனாலும் இந்த ஆண்டு மாணவர்களின் பதிவேடுகள் உங்கள் கையெழுத்துக்காக உங்கள் மேசையில்தான் கிடக்கின்றன. அவர்களில் ஒருவரும் உங்களிடம் உண்மையைச் சொல்லப்போவதில்லை. விட்டுப் போனானே, அவன் ஒருவன்தான் சொன்னான்.