ஒன்பதாம் வகுப்பு மாணவன் எழுதிய ஒரு சொல்

கோத்தகிரிக்கு அருகே நான் பாடம் நடத்தும் பள்ளியில், குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் "நாங்கள் சிலோனிலிருந்து வந்த அகதிகள்" என்று தொடங்கியிருந்தான். அவன் பாட்டியும் என் பாட்டியும் ஒரே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். 'அகதிகள்' என்ற அந்தச் சொல் தவறு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் வயதில் எனக்கும் யாரும் சொல்லவில்லை.

இலங்கை மலையகத்தில் நூறாண்டுக்கும் மேலாகக் காப்பியையும், பிறகு தேயிலையையும் வளர்த்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க 1974-இல் உடன்பட்டன. பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள். அந்த மனிதர்களைக் கலந்து பேசவில்லை. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்றான குடும்பங்கள் எத்தனையோ. இந்தியாவுக்குக் கப்பலேறும் துறையான தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் இன்றைய டான்டீ. நம் ஊரில் பலரும் அந்தப் பெயரைத் தேயிலைத்தூள் பொட்டலத்தில் மட்டுமே அறிந்திருக்கிறார்கள். கூடலூர்ப் பகுதியில் அந்தத் தோட்டங்கள் எழுந்த காடுகள் பணியரும் குறும்பரும் வாழ்ந்த நிலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் கதையைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிட்டால், நமக்கு நேர்ந்த மறதியையே நாம் அவர்களுக்குச் செய்தவர்களாவோம்.

அகதி என்பது இழிசொல் அன்று. 1983-க்குப் பின் உயிர் தப்பி வந்து, இன்றும் குடியுரிமையின்றி முகாம்களில் இருப்போரில் மலையகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களின் துயரம் வேறு, நம் சட்ட நிலை வேறு. தாயகம் திரும்பியோர் இரு அரசுகளின் ஒப்பந்தத்தால் இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள். இந்த வேறுபாடு தெரியாமற்போனால் என்ன ஆகும் என்பதை என் தம்பி சாதிச் சான்றிதழுக்கு அலைந்தபோது கண்டேன். "அகதிகளுக்குத் தர முடியாது" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். மறுத்துப் பேச அவனுக்கு வரலாறு தெரிந்திருக்கவில்லை. பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து, தாயகம் திரும்பியோருக்கு அரசு தந்த, குடும்பத்தினரின் புகைப்படம் ஒட்டிய பழைய குடும்ப அட்டையை எடுத்துக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் விண்ணப்பத்தை வாங்கினார்கள். எங்களிடம் அந்த அட்டை இருந்தது. தொலைத்துவிட்ட வீடுகளின் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

அந்த மாணவனின் பாட்டி எண்பது வயதைக் கடந்தவர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் கப்பலேறிய நாளைச் சொல்லச் சொல்ல அவன் எழுதப்போகிறான், நானும் உடனிருப்பேன். உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் அந்த அட்டை இருந்தால், நம் மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமுன் படமெடுத்து வையுங்கள். அதிலிருக்கும் ஒவ்வொரு முகமும் யாருடையது என்று பெரியவர்களிடம் கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள்.