9.6 லட்சம் கணக்கில் வராது

பழைய டீசல் லாரியை ஸ்கிராப்புக்குப் போட்டாலே, மின்சார வாகனங்களுக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 9.6 லட்சம் ரூபாய் வங்கிக் கணக்கில் விழும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க.

அது புது மின்சார லாரி வாங்கினால் அதன் விலையில் கிடைக்கும் தள்ளுபடி. அதுவும் உச்ச வரம்புதான். லாரியின் எடைப் பிரிவைப் பொறுத்துக் குறையும். தயாரிப்பு நிறுவனம் விலையிலேயே கழித்துக்கொண்டு, அப்புறம் அரசிடம் வாங்கிக்கொள்ளும். பழைய லாரியை உடைக்கக் கொடுத்ததற்கான ஸ்கிராப் சான்றிதழ் இந்தத் தள்ளுபடிக்கான நிபந்தனை. அதை மட்டும் காட்டினால் பணம் வராது.

கனரகத் தொழில் அமைச்சகம் 2025 ஜூலை 11 அன்று வெளியிட்ட அறிவிப்பு மத்திய அரசின் செய்தி அமைப்பான பிஐபி தளத்தில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். லாரியை உடைக்கக் கொடுக்கும் முன் டீலரிடம் விலைப்பட்டியல் கேட்டாலும் தெரிந்துவிடும்.